தோழர் என்றால் மிஸ்டர்

அத்தியாயம் 11

சகலை என்ற உறவை யார் ஏற்படுத்தினார்களோ தெரியாது. ஏற்படுத்தியவருக்கு நல்ல எண்ணம் இருந்திருக்காது. இரண்டு ஆண்பிள்ளைகளை ஒரே மாமனார் வீட்டு மேசையில் உட்காரவைத்து, யார் தட்டில் பெரிய மீன்துண்டு விழுகிறது என்று இருவரையும் பார்க்கவைக்கிற உறவு அது.

கோலா சிலாங்கூர் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கும் சில்வெஸ்டருக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வால்துண்டுதான். நடுத்துண்டு, மூத்த மாப்பிள்ளை ஆர்தருக்கு. ஆர்தர் பெர்ன்டேல் தோட்டத்தின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையிலும் டை கட்டுகிறவர்.

போன ஞாயிறு மாமனார் எர்னஸ்டின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தில் ஆர்தர் தமது ஆல்பத்தைக் கொண்டுவந்து விரித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கறுப்புத் தாளில் நான்கு மூலைக்கும் ஒட்டு வைத்துச் செருகிய கடிதங்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய காகிதம். டில்லி மந்திரி ஒருவரின் தபால் அட்டை, கொழும்புச் சட்டசபைக்காரர் ஒருவரின் புத்தாண்டு வாழ்த்து, சிங்கப்பூர் வக்கீல் தலைவர் ஒருவரின் நன்றிக் கடிதம். எல்லாவற்றிலும் அந்தந்தப் பெரிய மனிதர் தம் கைப்படப் போட்ட கையெழுத்து. கடைசிப் பக்கம் வந்ததும் ஆர்தர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அந்தப் பக்கத்தில் இருந்தது சிவானந்தத்தின் கடிதம்.

சிவானந்தம், நாற்பத்தேழில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசிய தொழிற்சங்கத் தலைவர். நாற்பத்தெட்டில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க மலாயா சர்க்கார் அவசரகாலம் கொண்டுவந்தது. சங்கத்தைத் தடை செய்தார்கள். சிவானந்தத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் கைபட்ட காகிதம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கே அடுப்பில் போட்டார்கள். ஆர்தர் போடவில்லை. கையெழுத்து சேர்ப்பவர்களின் புத்தி அப்படி. ஆள் இனி எழுதமாட்டார் என்றால், எழுதின துண்டு அவர்களுக்குத் தங்கம்.

அந்தக் கடிதத்தை மட்டும் ஆர்தர் மூன்றாக மடித்துச் செருகியிருந்தார். அடிப்பகுதியும் கையெழுத்தும் மட்டும் தெரியும்.

"மேல என்ன எழுதிருக்காருண்ணே?" என்று கேட்டான் சில்வெஸ்டர்.

"அது பெர்சனல்லா, தம்பி" என்றார் ஆர்தர்.

விருந்துக்கு வந்தவர்கள் தலையாட்டினார்கள். மாமனார் மாப்பிள்ளையின் தோளில் தட்டினார். சில்வெஸ்டருக்கு அன்று பிரியாணி இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்றால், அதே நாற்பத்தேழில் அவனும் சிவானந்தத்துக்கு எழுதியிருந்தான். அப்போது அவன் பெர்ன்டேல் ஆபீசில் ஆர்தருக்குக் கீழே சின்னக் கிராணி. மூன்று தடவை எழுதிக் கிழித்து, நான்காவதைத் தபாலில் போட்டான். பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே வைத்தான். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆர்தர் ஆபீசில் வைத்து அந்தக் கையெழுத்தை எல்லாருக்கும் காட்டினார். இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சிவானந்தம் ஆர்தரைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றுதான் சில்வெஸ்டர் ஐந்து வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அவனும் கையெழுத்து சேர்க்கிறவன்தான். அவன் ஆல்பத்தில் இருப்பது பதினொன்று. அதில் ஆறு, அச்சுக் கையெழுத்து. ஈர விரலை ஓரத்தில் வைத்தால் மை கலங்க வேண்டும். ஆறிலும் கலங்கவில்லை. ஒரு நாள் அவன் மனைவி டொரீன் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் காலண்டர் வாங்கி வெட்டி ஒட்டியிருக்கலாம்" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவன் தன் ஆல்பத்தை அவள் முன்னால் திறப்பதில்லை.

திங்கட்கிழமை கோப்பிக்கடையில் போலீஸ் சார்ஜன் அர்ஜுனன் எதிரே உட்கார்ந்திருந்தார். சில்வெஸ்டர் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, "எங்க சகலை வச்சிருக்கிற ஆல்பத்துல சிவானந்தம் கையெழுத்தே இருக்கு, தெரியுமா?" என்றான். பெருமையடிப்பது போலத்தான் சொன்னான். காட்டிக்கொடுக்கிறோம் என்று தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சொல்லிவிட்டுக் குடித்த கோப்பி அவனுக்கு ரொம்ப இனித்தது.

இன்று புதன்கிழமை.

*

காலை எட்டு மணிக்கு வாசலில் டாக்சி நின்றது. டொரீனின் அக்கா மவுரீன் இறங்கினாள்.

அக்கா தலைவாராமல் வெளியே வந்து டொரீன் பார்த்ததே இல்லை. கழுத்துச் சங்கிலி, கைப்பை, பவுடர் என்று ஒன்றும் இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. டொரீனின் மனசுக்குள் சின்னதாய் ஒரு திருப்தி எட்டிப்பார்த்தது. அதற்குப் பிறகுதான் அக்கா டாக்சிக்குக் காசுகூடக் கொடுக்காமல் வருவது கண்ணில் பட்டது.

"என்னக்கா?"

"அவங்களக் கொண்டுபோயிட்டாங்கடி" என்று மவுரீன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "விடியறதுக்கு முன்னாடி வந்தாங்க. துரை ஒருத்தன், எட்டு பத்து போலீஸ்காரங்க. கைலியோட ஏத்திட்டுப் போயிட்டாங்க. சட்ட போட்டுக்கிறேன்னாரு, விடல."

சில்வெஸ்டர் உள்ளேயிருந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தான்.

"தம்பி, வீட்டுல வேற எதையும் அவங்க தொடல. காட்டுல ஒளிஞ்சிருக்கிறவங்களுக்குக் குடுக்க அரிசி பதுக்கிருக்கேனான்னுகூடப் பாக்கல. நேரா வந்து ஆல்பம் எங்கேன்னு கேட்டாங்க. யாரோ சொல்லிருக்காங்க தம்பி. நல்லாத் தெரிஞ்ச எவனோ சொல்லிருக்கான்."

"தோட்டத்துல எத்தனையோ பேரு இருக்காங்கக்கா. ஆளுங்கள மேய்க்கிற அந்த மண்டோருக்கும் அண்ணனுக்கும் ஆகாதுல்ல?"

"சொன்னவன் நல்லா இருப்பானா? அவன் வீட்டுல சோறு பொங்குமா?"

சில்வெஸ்டர் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அவிழ்த்து மறுபடி போட்டான். டொரீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போய், "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

அவன் போனான்.

"திங்கக்கெழம மத்தியானம் வந்து தனியாச் சிரிச்சிங்க. எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னிங்க. யார்கிட்ட என்ன பேசினிங்க?"

"அர்ஜுனன்கிட்ட... சும்மா பேச்சுவாக்குல."

"பேச்சுவாக்குல!"

"மெதுவாப் பேசு. அக்கா இருக்காங்க."

"எனக்கு மட்டும் பொறாமை இல்லியா?" டொரீனின் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் தாழ்ந்தே இருந்தது. "சின்னப் புள்ளையில இருந்து அவளுக்குப் புதுச் சட்ட, எனக்கு அவ போட்ட சட்ட. அவளுக்குக் கிராணி வீடு, எனக்கு இந்த ரெண்டு ரூமு. பொறாமை வயித்துல கெடக்கு எனக்கும். அதுக்காக அவ வீட்டுல நெருப்பா வச்சேன்?"

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ஸ்டேஷன் கான்ஸ்டபிள்.

"இன்டர்பிரட்டர் இருக்காரா? சார்ஜன் கூப்பிடுறாரு. தமிழ்க் காயிதம் ஒண்ணு படிச்சுச் சொல்லணுமாம். கோர்ட்டுக்குச் சொல்லியாச்சு."

மவுரீன் எழுந்தாள். சில்வெஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவர் கண்ணத் திறந்துட்டாரு. வேற எவனோ படிக்காம நம்ம தம்பியே படிக்கப்போவுது. ஒரு வார்த்த நல்லதாச் சொல்லு தம்பி. அது போதும் எனக்கு."

டொரீன் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு அக்காவின் தலைமுடியைக் கோதி முடிந்துவிட்டாள்.

*

போலீஸ் ஸ்டேஷனின் பின்னறையில் ஆர்தர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கைலியும் கை வைத்த பனியனும். டை இல்லாத ஆர்தருக்குக் கழுத்து இவ்வளவு ஒல்லி என்று சில்வெஸ்டருக்கு இன்றுதான் தெரிந்தது. பாவம் என்று தோன்றவில்லை. ஐந்து வருடத்துக்கு இது ஒரு சின்ன ஈடு என்றுதான் தோன்றியது.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. சொந்தக்காரனைக் கண்டதும் ஆர்தரின் முகம் தெளிந்திருக்க வேண்டும். அது இன்னும் வெளுத்தது. நம்மிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் போலும் என்று சில்வெஸ்டர் கணித்தான்.

மேசைக்குப் பின்னால் இளவயது ஆங்கில அதிகாரி. வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. முன்னால் ஆல்பம். பக்கத்தில் சார்ஜன் அர்ஜுனன்.

"வாங்க, வாங்க. நான் பேசுவேன், எழுத்துப் படிக்க வராதுலா. இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சவன்" என்று அர்ஜுனன் தமிழில் சொன்னார். "மத்த லெட்டரெல்லாம் இங்கிலீஷ், துரையே பாத்துட்டாரு. இது ஒண்ணுதான். மேலிடத்துலேருந்து ஒரு லிஸ்ட் வந்திருக்கு, என்னென்ன வார்த்த இருந்தாப் பாக்கணும்னு. மொத வார்த்தயே தோழர். தோழர்னு போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. அத இங்கிலீஷ்ல என்னான்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! அந்த அவ்வளவுதானில் ஆர்தரின் கழுத்து இருந்தது.

தோழர் என்பது அந்த வருடங்களில் வெகு சாதாரணமான சொல். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம், முன்னால் ஸ்ரீ வேண்டாம் என்றவர்கள் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையையே தோழர் என்றுதான் அச்சடித்தார்கள். அதை மிஸ்டர் என்று சொன்னால் சரி. காம்ரேட் என்று சொன்னாலும் எந்த அகராதியும் சண்டைக்கு வராது. ஆனால் மிஸ்டர் என்றால் ஆர்தர் வீட்டுக்குப் போவார். காம்ரேட் என்றால் விசாரணை ஒன்றும் இல்லாமல் இரண்டு வருடம் முள்கம்பிக்குள் போவார். பெரிய கிராணி வேலைக்கு வேறு ஆள் வருவான்.

இரண்டும் சரியான மொழிபெயர்ப்புதான் என்று சில்வெஸ்டர் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். எதைச் சொன்னாலும் யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது. அந்த நினைப்புக்கு அவன் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. நடுத்துண்டு, மாமனாரின் தோள்தட்டு, அந்த 'பெர்சனல்', எல்லாம் வரிசையாக வந்து அவனுக்குப் பக்கத்தில் நின்றன.

"படியுங்கள்" என்றார் அதிகாரி.

அவன் ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்தான். இத்தனை வருடத்தில் முதல்தடவையாக அந்தக் கடிதத்தைத் தொடுகிறான். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நகத்தால் மூலை ஒட்டை மெல்லக் கிளப்பி, தாள் கிழியாமல் உருவினான். அதிகாரி பெருமூச்சு விட்டார். சேகரிப்பவனின் கை என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடிதத்தை ஒரு மடிப்புப் பிரித்தான். இன்னொரு மடிப்பும் பிரித்தான்.

பெஞ்சில் ஆர்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

கடிதத்தின் தலைப்பில், உருண்டை உருண்டையான எழுத்தில், 'அன்புள்ள தோழர் சில்வெஸ்டர் அவர்களுக்கு' என்று இருந்தது.

அவன் அதை மறுபடி படித்தான். பெயர் மாறவில்லை. கண் கீழே ஓடியது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி மிரட்டல், மீதி புகார். தங்களுடையதைப் போல நல்ல தமிழில் எழுதிய கடிதம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கு வந்ததில்லை. இரண்டு முறை படித்தேன். மற்றவற்றோடு கட்டிப்போடாமல் என் பையிலேயே வைத்திருக்கிறேன். கையெழுத்து சேர்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். எழுதுங்கள்.'

பெர்ன்டேல் தோட்டத்துத் தபால் பையைத் திறக்கிறவர் பெரிய கிராணி. வேறு யாரும் தொடக்கூடாது. ஆர்தரும் சிவானந்தத்துக்கு எழுதியிருப்பார். பதில் சின்னக் கிராணிக்கு வந்திருக்கிறது, அதுவும் இப்படி ஒரு பதில். பையில் வைத்திருக்கிறேன் என்று! இரண்டு முறை படித்தேன் என்று! அதை ஆர்தரால் தாங்க முடியவில்லை. எடுத்துக்கொண்டார், மேற்பாதியை மடித்துவிட்டார்.

ஐந்து வருடமாகத் தான் யாரைப் பார்த்து வயிறெரிந்தானோ, அந்த ஆள் தன்னைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறார். சில்வெஸ்டருக்குக் காது சூடாகிவிட்டது. இது என் கடிதம், இந்தத் திருடன் என் கடிதத்தை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பேர் வாங்கினான் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

எப்படிக் கத்துவது? என் கடிதம் என்றால் அந்தத் தோழர் அவன். கடிதத்தைப் பற்றிப் போலீசிடம் சொன்னதும் அவன். தன் பெயர் எழுதிய கடிதத்தைத் தானே கோப்பிக்கடையில் வைத்துக் காட்டிக்கொடுத்திருக்கிறான்.

"என்ன தாமதம்?" என்றார் அதிகாரி.

"எழுத்து கொஞ்சம் மங்கல், சார்."

இன்னொரு வழி அவன் நாக்கின் நுனியில் இருந்தது. டியர் காம்ரேட் ஆர்தர். அதைச் சொன்னால் எல்லாக் கணக்கும் ஒரே மூச்சில் தீரும். அர்ஜுனனுக்குப் படிக்கத் தெரியாது. ஆர்தர் மறுத்துப் பேச முடியாது. பேசினால் திருட்டு வெளியே வரும், அப்போதும் யார் நம்புவார்கள்? திருடனுக்கு இரண்டு வருடம் உள்ளே. சில்வெஸ்டர் வாயைத் திறந்தான்.

ஆர்தர் தலையைக் குனிந்துகொண்டார். கெஞ்சிப் பார்க்கவில்லை. வரப்போவது என்ன என்று தெரிந்தவர் போல, நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்பவர் போலக் குனிந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபோது சில்வெஸ்டருக்குத் தன்னையே அந்தப் பெஞ்சில் பார்த்த மாதிரி இருந்தது. அருவருப்பாக இருந்தது.

"டியர் மிஸ்டர் ஆர்தர்" என்று படித்தான்.

"மிஸ்டரா? நன்றாகத் தெரியுமா? அந்தச் சொல் இல்லையா?"

"சொல் தோழர்தான், சார். தமிழர்கள் மரியாதைக்குப் போடுவது. கல்யாணப் பத்திரிகையிலும் போடுவார்கள். இங்கிலீஷில் மிஸ்டர்."

அர்ஜுனன் யோசித்துவிட்டு, "ஆமா சார், என் தங்கச்சி கல்யாணக் கார்டிலும் அப்படித்தான் போட்டாங்க" என்றார்.

"சரி, மேலே படியுங்கள்."

மேலே படிப்பதுதான் கொடுமையாக இருந்தது. தனக்கு வந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆர்தர் மடியில் போட வேண்டியிருந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது, மிஸ்டர் ஆர்தர். இவ்வளவு நல்ல தமிழ் எனக்கு வந்ததில்லை. இரண்டு முறை படித்தேன். பையில் வைத்திருக்கிறேன். 'எழுதுங்கள்' என்ற கடைசிச் சொல்லை மட்டும் விட்டுவிட்டான். அதைக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

அதிகாரி ஆர்தரைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அவ்வளவு நல்ல தமிழா உன்னுடையது?"

ஆர்தர் சகலையைப் பார்க்காமல் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். "யெஸ், சார்" என்றார்.

"அப்படியென்றால் எங்கள் இன்டர்பிரட்டர் உன்னிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். ஒரு பக்கம் படிக்க அவருக்கு எத்தனை நிமிடம் ஆகிறது!" என்று அதிகாரி தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். அர்ஜுனனும் மரியாதைக்குச் சிரித்தார். சில்வெஸ்டரும் சிரிக்க வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பை டைப் அடித்தான். அடியில், இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி. அதன் கீழே பேனாவால் கையெழுத்துப் போட்டான். அதிகாரி மை உலர ஊதி, மூலத்தோடு சேர்த்துக் குத்தூசி குத்தினார். அவன் கடிதத்தில் ஓட்டை விழுந்தது.

"கிராணி இப்ப வீட்டுக்குப் போகலாம்" என்று அர்ஜுனன் வாசல்வரை வந்து தமிழில் சொன்னார். "ஆல்பம் இங்க இருக்கட்டும். தோட்டத்த விட்டு வெளிய போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. வெள்ளிக்கெழம ஜீப்புல இந்தக் காயிதம் கோலாலம்பூருக்குப் போவும். அங்க புதுசா ஒருத்தர் வந்திருக்காரு, மெட்ராஸ் காலேஜ்ல தமிழ் படிச்சவராம். அவரு ஒரு தடவ பாத்துட்டா ஃபைல மூடிரலாம்லா. நம்ம தம்பி படிச்சதுதானே, என்ன இருக்கப்போவுது!"

அர்ஜுனன் உள்ளே போய்விட்டார்.

எதிர்ப்பக்கத்து மரத்தடியில் மவுரீனும் டொரீனும் நின்றிருந்தார்கள். புருஷனைக் கண்டதும் மவுரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சாலையில் வரிசையாக லோரிகள் போய்க்கொண்டிருந்ததால் அவர்களால் உடனே குறுக்கே வர முடியவில்லை.

ஆர்தர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சகலையின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நானும்தான் எழுதினேன் தம்பி. மூணு லெட்டர். எனக்கு ஒரு வரிகூட வரல. அன்னைக்குப் பைய அவுத்தா, ஒம் பேரு... ஒன் கையெழுத்துல நீயே எழுதி வச்ச கவரு. என்னால முடியல தம்பி."

சில்வெஸ்டர் சாலையில் போகும் லோரிகளைப் பார்த்தான்.

"அது ஒனக்கு வந்த லெட்டர்தான்" என்றார் ஆர்தர். "மாமாகிட்டயும் சொல்லிடுறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

"யார்கிட்டயும் சொல்லாதிங்கண்ணே." என்றான் சில்வெஸ்டர். "அது ஒங்களுக்கு வந்ததுதான். நான் கையெழுத்துப் போட்டுட்டேன். வெள்ளிக்கெழம வரைக்கும் அது ஒங்களுக்கு வந்ததுதான்."